மறப்பதுதான் ஸப்ரா?

ஒரு வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளை மௌத்தாகி விட்டால், சில நாட்களுக்குள் அந்த வீட்டில் எழுதப்படாத ஒரு சட்டம் அமுலுக்கு வந்து விடுகிறது. பிள்ளையின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. தூளி அவிழ்க்கப்படுகிறது. படம் இருந்தால் பீரோவின் அடித்தட்டுக்குப் போகிறது. பெற்றவள் எதையோ நினைத்துக் கொண்டு, "இந்நேரம் இருந்திருந்தால்..." என்று வாயெடுத்தால் போதும். பெரியவர்கள் குறுக்கிட்டு, "அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக் கொண்டான். ஸப்ரு செய் அம்மா, மறந்து விடு" என்று சொல்லி விடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் என்று நம் தோல் தொழில் ஊர்களில், உருது பேசும் வீடானாலும் தமிழ் பேசும் வீடானாலும், இந்தச் சட்டம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

இதை எவரும் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. அழுகிறவளைப் பார்க்கப் பொறுக்காத அன்புதான் இதற்குக் காரணம். ஆயினும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. மார்க்கம் நம்மிடம் கேட்பது ஸப்ரையா, மறதியையா? இரண்டும் ஒன்றுதானா? இரண்டு வயதில் போய் விட்ட பிள்ளை சிரித்ததையும், தத்தித் தத்தி நடந்ததையும், தகப்பன் தொழுகையில் ஸுஜூது செய்யும் போது முதுகில் ஏறியதையும் நினைத்து மகிழ்வது, இறைவனின் தீர்ப்பைப் பொருந்திக் கொள்ளாததன் அடையாளமா? தாய்மார்கள் பலர் இதை வெளியே கேட்கத் துணியாமல் மனத்துக்குள்ளேயே குமைகிறார்கள். ஆகவே நாம் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அபுல் காசிம் என்ற பெயர்

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மக்கள் எழுவர் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அவர்களில் ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தவிர மற்ற அறுவரும் நாயகம் (ஸல்) அவர்களின் கண் முன்னேயே மறைந்தார்கள். ஆண் மக்கள் காசிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் ஆகிய மூவரும் சின்னஞ்சிறு பருவத்தைத் தாண்டவேயில்லை.

தலைமகன் காசிம் மக்காவில் மறைந்தார். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் மறைந்ததா? "அபுல் காசிம்", அதாவது காசிமின் தந்தை என்பதுதான் நாயகம் (ஸல்) அவர்களின் குன்யத்துப் பெயர். காசிம் மறைந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் மதீனாவின் வீதிகளில் தோழர்களும், மாற்று மதத்தவரும் அவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அந்தக் குழந்தையின் பெயர் தந்தையின் காதில் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவில்லை. காசிமின் தந்தை என்பதிலிருந்து அவர்கள் ஒரு நாளும் விலகவில்லை.

மக்காவில் வேறொரு குரலும் எழுந்தது. ஆண் மக்கள் மறைந்த போது ஆஸ் இப்னு வாயில் போன்ற குறைஷிகள், இவர் சந்ததி அறுந்தவர், இனி இவர் பெயர் சொல்ல ஆளில்லை என்று ஏளனம் செய்தார்கள் என்றும், அதற்குப் பதிலாகவே மூன்றே ஆயத்துகள் கொண்ட கௌஸர் சூரா இறங்கியது என்றும் முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரை ஏளனமாகப் பார்ப்பது ஜாஹிலியத்துக் காலத்துக் குணம். பிள்ளை தங்காத பெண்ணை விசேஷ வீடுகளில் முன்வரிசையில் நிறுத்தத் தயங்குகிறவர்கள், தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகை நிறைந்த வீடு

மூன்றாவது மகன் இப்ராஹீம் ஹிஜ்ரி 8-ல் மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்களுக்குப் பிறந்தார். மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் ஒரு கொல்லரின் மனைவி அவருக்குப் பாலூட்டி வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி அங்கே நடந்து போவார்கள். உலை ஊதுவதால் வீடெல்லாம் புகை மண்டியிருக்கும். அதற்குள்ளேயே போய், பிள்ளையை வாங்கி முத்தமிட்டு விட்டுத் திரும்புவார்கள். குடும்பத்தாரிடம் இவ்வளவு இரக்கமுள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை என்ற கருத்தோடு இதை நமக்குச் சொன்னவர், கூடவே போய் வந்த ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள்.

இது வேலை செய்கிறவர்களின் வீடு என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் தோல் ஷாப்பிலிருந்து திரும்பும் தகப்பனின் சட்டையில் தோல் வாடை இருக்கும். பிள்ளை அதைப் பொருட்படுத்தாது. வாசலிலேயே ஓடி வந்து காலைக் கட்டிக் கொள்ளும். அந்த வாடையே அதற்கு அத்தாவின் வாசனை. இப்ராஹீமுக்கு உலைப் புகைக்கு நடுவே வந்து சேர்ந்த முத்தமும் அப்படிப்பட்டதே. பிள்ளையின் மகிழ்ச்சிக்கு மாளிகை வேண்டியதில்லை, நீண்ட ஆயுளும் வேண்டியதில்லை.

இப்ராஹீம் பதினாறு அல்லது பதினெட்டு மாதமே வாழ்ந்தார். மூச்சு அடங்கும் நேரத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டார்கள். இது இரக்கம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் ரப்பு பொருந்திக் கொள்ளாத சொல் நாவில் வராது என்பதையும், அந்தப் பிள்ளையின் பிரிவால் தாங்கள் துயருற்றிருப்பதையும் மறைக்காமல் எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். அழாதிருப்பதுதான் ஸப்ரு என்றால், அந்தக் கண்ணீரை நாம் என்னவென்று சொல்வது?

அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இன்றைய வானவியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27-ம் நாள். இப்ராஹீம் மறைந்ததால்தான் சூரியனும் மங்கியது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். மகனை அப்போதுதான் அடக்கிய தந்தைக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகவும் இருந்திருக்கக் கூடும். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மௌத்துக்காகவும் ஹயாத்துக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். ஆறுதலுக்காகக் கூட உண்மையல்லாத காரணம் கற்பிக்கக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. "கண் பட்டு விட்டது", "தாய் கவனிக்கவில்லை", "கிரகணத்தில் வெளியே வந்தாள்" என்றெல்லாம் பிள்ளையின் மௌத்துக்குக் காரணம் தேடி, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவர்கள் இந்த ஹதீதைப் படிக்க வேண்டும்.

குருவி வளர்த்த பிள்ளை

நம் கேள்விக்கு நேரான விடை மதீனாவின் இன்னொரு வீட்டில் கிடைக்கிறது. அது அபூதல்ஹா (ரலி), உம்மு ஸுலைம் (ரலி) தம்பதியரின் வீடு. உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் முதல் கணவருக்குப் பிறந்தவர்தான் ஹஜ்ரத் அனஸ் (ரலி).

இந்த வீட்டின் ஸப்ரு நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. பிள்ளை நோயுற்றிருந்தது. தகப்பன் வெளியே போயிருந்த போது மௌத்தாகி விட்டது. தாம் சொல்லும் வரை யாரும் சொல்ல வேண்டாம் என்று வீட்டாரிடம் கூறி விட்டு, கணவர் வந்ததும் உணவு பரிமாறி, ஓய்வு கொள்ள விட்டு, பிறகுதான் தாய் செய்தியை உடைத்தார்கள். இரவல் கொடுத்தவர்கள் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று கேட்டு, இல்லை என்று கணவர் சொன்ன பின், நம் பிள்ளையை அப்படியே எண்ணிக் கொள்ளுங்கள் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அத்தம்பதியருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். பின்னர் அப்துல்லாஹ் என்ற மகன் பிறந்தார். இவ்வளவும் நாம் அறிந்ததே.

இதே வீட்டைப் பற்றி வேறொரு ஹதீதும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்களுக்குப் பால்குடி மறந்த வயதில் ஒரு தம்பி. எல்லோரும் அவரை அபூ உமைர் என்று செல்லமாக அழைப்பார்கள். அவர் 'நுகைர்' என்னும் சின்னக் குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். குருவி செத்துப் போயிற்று. பிள்ளை முகம் வாடி உட்கார்ந்திருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வரும் போது, உமைருக்கு எதுகையாக நுகைரைச் சேர்த்து, குருவி என்ன ஆயிற்று என்று விளையாட்டாக விசாரிப்பார்கள். உம்மத்தின் பொறுப்பையெல்லாம் சுமந்தவர்கள், ஒரு சிறு பிள்ளையின் குருவிக்குத் துக்கம் விசாரித்தார்கள்!

ஹதீது விரிவுரையாளர்கள் இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்து, அன்றிரவு மௌத்தான பிள்ளை இந்த அபூ உமைர்தான் என்று எழுதுகிறார்கள். இப்போது நினைத்துப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்கள் நீண்ட ஆயுள் பெற்று, நூறு வயதை ஒட்டியோ கடந்தோ, ஹிஜ்ரி 93 வாக்கில் பஸராவில் மறைந்தவர்கள். மதீனாவில் ஓடி விளையாடிய தம்பி போய் நெடுங்காலம் ஆன பின்பும், தம் மாணவர்களிடம் அவருடைய பெயரையும், குருவியையும், நாயகம் (ஸல்) அவர்களின் கொஞ்சலையும் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னதால்தான் அது இன்று நம் கையில் இருக்கிறது.

இது எதற்குப் பயன்படும் என்று சிலர் அக்காலத்திலேயே ஹதீது அறிஞர்களைக் குறை சொன்னார்கள். ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாஃபிஈ இமாம் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரே செய்தியிலிருந்து அறுபது மார்க்கப் பயன்களை எடுத்துக் காட்டி ஒரு தனி நூல் எழுதினார்கள். சில ஆண்டுகளே வாழ்ந்த ஒரு பிள்ளையின் விளையாட்டு, உலமாக்களுக்கு அறுபது பாடங்கள் தந்தது.

ஸப்ருக்கு உலகமே உதாரணம் காட்டும் வீடும், போன பிள்ளையின் விளையாட்டை மறவாமல் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய வீடும் ஒரே வீடு! அங்கே பெயர் சொல்லக் கூடாது என்ற சட்டம் இருந்திருந்தால் அபூ உமைரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். ஸப்ரு வேறு, மறதி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் என்ன வேண்டும்?

ஸப்ரின் எல்லை

"நினைக்க நினைக்கத் துக்கம் வளராதா? அது ஒப்பாரியில் கொண்டு போய் விடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்க்கம் எல்லை வகுத்துத்தான் இருக்கிறது. கன்னத்தில் அறைந்து கொள்வதும், சட்டையைக் கிழிப்பதும், ஜாஹிலியத்துக் கூப்பாடும் விலக்கப்பட்டவை. ஸப்ரு என்பது துன்பம் தாக்கும் முதல் வேளையில் காட்ட வேண்டியது என்பதும் ஹதீது. ஆக, இறைவனோடு வழக்காடுவதைத்தான் மார்க்கம் தடுத்தது. நினைவைத் தடுக்கவில்லை.

யாகூப் (அலை) அவர்களின் சரித்திரம் குர்ஆனில் இருக்கிறது. அழகிய பொறுமை என்ற சொல்லை இரண்டு முறை சொன்ன நபி அவர்கள். அவர்களேதான் யூஸுஃபை நினைத்து நினைத்துக் கண் வெளுத்துப் போனவர்களும். இன்னுமா யூஸுஃபை நினைக்கிறீர்கள், உடம்பு என்னாவது என்று கண்டித்தவர்கள் மற்றப் பிள்ளைகள். என் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்பதுதான் நபியின் பதில். நினைக்காதே என்று நாம் சொல்லும் போது, யாகூப் நபியின் பேச்சைப் பேசுகிறோமா, யூஸுஃபின் சகோதரர்கள் பேச்சைப் பேசுகிறோமா?

அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் ஓர் எச்சரிக்கை உண்டு. போன பிள்ளையின் நினைவில் இருக்கும் பிள்ளைகளை மறந்து விடுவதும், தொழுகையை விட்டு விடுவதும், ஆறுதல் தேடி ஆகாத இடங்களுக்குப் போவதும் நினைவு ஆகாது. அது நோய். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்டிப்பைக் காட்டிலும் துணையும் மருத்துவமும் தேவை.

குறைந்த ஆயுளா, குறைந்த வாழ்வா?

"மொட்டிலேயே கருகி விட்டது, ஒன்றையும் அனுபவிக்கவில்லை" என்று நாம் இரங்குகிறோம். இதையும் சற்று யோசிக்க வேண்டும். வாழ்வின் நிறைவு ஆண்டுக் கணக்கிலா இருக்கிறது? பெரியவர்களான நாம் அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்ந்து, அதில் பொறாமையும் கடனும் வழக்கும் போக, மனமாரச் சிரித்த நாட்களை எண்ணினால் எத்தனை தேறும்? குழந்தைக்கோ ஒரு பலூன், ஒரு குருவி, பெருநாள் காலையில் போட்டுக் கொள்ளும் புதுச் செருப்பு, இவை போதும். கேள்வி கணக்கில்லாமல், எவருக்கும் தீங்கு நினைக்காமல், தூய்மையாக வாழ்ந்து விட்டுப் போன ஒரு வாழ்க்கையை அரைகுறை வாழ்க்கை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பால்குடிக் காலம் முடியாமலே இப்ராஹீம் மறைந்த போது, அவருக்குப் பாலூட்டுவோர் சுவனத்தில் இருக்கிறார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இங்கே மீந்து நின்றது அங்கே நிறைவு செய்யப்படுகிறது. ரப்பின் கணக்கில் அரைகுறை என்று ஒன்றில்லை.

பிள்ளையின் ஜனாஸாத் தொழுகையில் நாம் ஓதும் துஆவைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு மஃபிரத் கேட்கிறோம். பாவமறியாப் பிள்ளைக்கு அது தேவையில்லை. மாறாக, இப்பிள்ளையை எங்களுக்கு 'ஃபரத்' ஆகவும், சேமிப்பாகவும், சிபாரிசு செய்பவராகவும் ஆக்கு என்று நமக்காகக் கேட்கிறோம். ஃபரத் என்றால் பயணக் கூட்டத்துக்கு முன்னே போய், தண்ணீர்த் துறையில் கயிறும் வாளியும் ஆயத்தம் செய்து வைப்பவர். பாலாற்றங்கரை மக்களுக்கு இதன் பொருள் விளங்கும். நம் பாட்டிமார் காலத்தில், வறண்ட ஆற்றில் முன்னே போனவர் மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்து வைத்தால்தான், பின்னே வருகிறவரின் குடம் நிறையும். பிள்ளை நமக்கு முன்னே போயிருக்கிறது. இரண்டு மக்களைப் பறிகொடுத்த ஒருவருக்கு அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்ன நபிமொழியில், அந்தச் சிறார்கள் பெற்றோரின் ஆடை முனையைப் பிடித்துக் கொண்டு, சுவனத்தில் சேர்க்கும் வரை விட மாட்டார்கள் என்று வருகிறது. கடைத்தெருவில் நம் சட்டையைப் பிடித்து இழுத்த அதே பிஞ்சுக் கைதான். மறுமையில் நம்மைத் தேடி வரும் பிள்ளையை, இம்மையில் நாம் ஏன் மறக்க வேண்டும்?

இன்றைய வீடுகளில்

பிள்ளைச் சாவு ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்த ஒன்று. அரசின் கணக்குப்படி 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 2020-ல் அது 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்தது. அல்ஹம்து லில்லாஹ். தடுப்பூசியும் சுத்தமான தண்ணீரும் மருத்துவமும் அல்லாஹ்வின் அருட்கொடைகள், அவற்றைப் பயன்படுத்துவது நம் கடமை. ஆனால் இதில் நாம் கவனிக்காத ஒன்றுண்டு. அன்று பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, அதே துயரம் கண்ட பத்துப் பெண்கள் தெருவில் இருந்தார்கள். இன்று அவள் தெருவில் அவள் ஒருத்திதான். ஆகவே அவள் பேசுவதைக் கேட்பது முன்னிலும் அதிகமாக நம் பொறுப்பாகிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும் போது, "வேறு பிள்ளை பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். அப்துல்லாஹ் பிறந்த பிறகும் அபூ உமைர் அபூ உமைராகவே இருந்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லி, அது என்ன பேசும், எதற்குச் சிரிக்கும் என்று கேளுங்கள். எத்தனை மக்கள் என்று யாரேனும் வினவினால், போன பிள்ளையையும் சேர்த்துச் சொல்லத் தாய்க்கு உரிமை உண்டு. அண்ணன் தம்பிகளிடம் அந்தப் பிள்ளையின் கதையை மறைக்காதீர்கள். அனஸைப் போல அவர்கள்தான் அதை நெடுங்காலம் சுமக்கப் போகிறவர்கள். தகப்பனும் மனிதன்தான், தோல் ஷாப்பில் வேலைக்கு நடுவே அவன் கண் கலங்கினால் ஆண் பிள்ளை அழலாமா என்று கேட்காதீர்கள். உடுப்புகளை ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது ஸதகா. உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் ஆம்பூரில், ஒரு வீட்டுப் பெட்டியில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு மட்டும் பத்திரமாக இருந்தால், அதில் பாவமும் இல்லை.

நினைவு வரும் போது முதலில் அழுகை வரும். நாட்கள் செல்லச் செல்ல, அதே நினைவில் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைக் குற்றமாக எண்ண வேண்டாம். அந்தப் பிள்ளையைக் கொடுத்ததற்கு நாம் செலுத்தும் ஷுக்ரு அது. எடுத்துக் கொண்டதற்கு ஸப்ரு, கொடுத்ததற்கு ஷுக்ரு. முஃமினுக்கு இரண்டும் வேண்டும்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன்னே போன பிஞ்சுகளை எங்களுக்கு ஃபரத்தாக ஆக்குவாயாக. அவர்கள் எங்கள் வீடுகளில் சிரித்துப் போன நாட்களுக்காக உன்னைப் புகழும் உள்ளத்தையும், அவர்களை மீண்டும் காணும் நஸீபையும் எங்கள் தாய் தந்தையர் அனைவருக்கும் தருவாயாக. ஆமீன்.